துரை பங்களாவும் ஞாயிறு விருந்தும்

ஒரு நாட்டின் சரித்திரத்தை அரசாங்கச் சாசனங்களிலும் யுத்தங்களின் தேதிகளிலும் தேடுவோர் பலர். அந்நாட்டார் எந்த வேளையில், எவ்விடத்தில், யாருடன் அமர்ந்து உண்டனர் என்று கேட்போர் சிலரே. ஆயினும் பந்தியில் யார் அமர்ந்தார், யார் சமைத்தார், யார் வாயிலுக்கு வெளியே நின்றார் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கிடைத்துவிடுமாயின், அச்சமூகத்தின் மேடு பள்ளங்கள் அனைத்தும் நமக்கு ஒருங்கே விளங்கிவிடும்.

இந்நாளில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும், வெள்ளைக்காரர் ஆட்சியில் எழுந்த பழைய பங்களாக்கள் சில உணவு விடுதிகளாக மாறியிருக்கின்றன. சனி, ஞாயிறுகளில் முற்பகல் வேளையில் குடும்பம் குடும்பமாக மக்கள் அங்கே செல்கின்றனர். அகன்ற தாழ்வாரத்தில் பிரம்பு நாற்காலிகளில் சாய்ந்து, அவசரமின்றி உண்டு, உரையாடி, உச்சிப்பொழுது கடந்தபின் வீடு திரும்புகின்றனர். காலை உணவுமாகாமல் பகல் உணவுமாகாமல் இரண்டுக்கும் நடுவே நிற்கும் அவ்வுணவுக்குப் ‘பிரஞ்ச்’ என்று பெயர். பிரேக்பாஸ்ட், லஞ்ச் என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒடித்து ஒன்றாய் ஒட்டியதே அப்பெயர். 1895-ஆம் ஆண்டில் கை பெரிஞ்சர் என்பார் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் எழுதிய கட்டுரையால் அச்சொல் அச்சேறிற்று. சனிக்கிழமை இரவு நெடுநேரம் விழித்திருந்தோர் ஞாயிறன்று தாமதித்து எழுந்து, மனம் களித்து உண்ணத் தக்க உணவு அதுவே என்பது அவருடைய வாதம்.

சொல் 1895-இல் பிறந்ததாயினும், அவ்வேளையில் உண்ணும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதியதன்று. மலாயாத் தோட்டங்களில் அது தினசரி நடந்த காரியம். அதனை ஏற்படுத்தியவர் துரையுமல்லர், சமையற்காரருமல்லர்; ரப்பர் மரமே என்று சொல்வது மிகையாகாது. எவ்வாறெனில், இரவெல்லாம் வேர் உறிஞ்சிய நீரால் மரத்தின் பால் நாளங்கள் விம்மி நிற்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக்கி வெளிவிடுவதால் அவ்வழுத்தம் தளர்ந்து, பால் ஒழுகுவதும் குறைந்துபோகும். ஆதலால் விடியுமுன்னரே பெரட்டுக் கூடவேண்டும். வெளிச்சம் கண்டவுடன் மரம் சீவவேண்டும். துரையும் ஒரு கோப்பைத் தேநீருடன் இருளிலே புறப்பட்டுப் பெரட்டுக் களத்துக்கு வருவார். பின்னர் நிரை நிரையாய் நடந்து மரங்களைப் பார்வையிட்டு, முற்பகலில் பங்களாவுக்குத் திரும்பியபின்னரே வயிறார உண்பார். அதே நேரத்தில் நம் தாய்மாரும் தந்தைமாரும் பால் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்துகொண்டிருப்பர். ஒரே மரத்தின் பால் ஒருவருக்குச் சாப்பாட்டு வேளையையும் மற்றவருக்குச் சுமை தூக்கும் வேளையையும் வகுத்துக் கொடுத்தது.

நிற்க, அம்மரம் இந்நாட்டுக்கு வந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1876-இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அங்கே முளைத்த கன்றுகளில் 22, 1877-இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்கு வந்தன. அவற்றுள் சில பேராக் மாநிலத்துக் கோலாகங்சாருக்கு அனுப்பப்பட்டன. 1888-இல் பூந்தோட்டத்துத் தலைமையை ஏற்ற ரிட்லி என்பார், மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் மீன் முள் வடிவில் சீவி, மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் என்னும் சீனப் பெருந்தகை முதன்முதலாக ரப்பரை வியாபாரத்துக்கெனப் பயிரிட்டார். 1910-இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விலை போயிற்று.

அதே 1910-இல், அதே பூந்தோட்டத்துக்குள் ஒரு வீடு கட்டப்பட்டது. தோட்டத்தின் துணைத் தலைவராயிருந்த கார்னர் என்னும் தாவர நூல் வல்லார் 1929 முதல் 1942 வரை அதில் வசித்தமையால், இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. பிற்காலத்தில் அவ்வீட்டிலும் உயர்தர உணவு விடுதிகள் நடைபெற்றன. அங்கே அமர்ந்து உண்டவர், நம் முன்னோர் கடல் கடந்து வந்ததற்குக் காரணமான மரம் முதன்முதல் வேரூன்றிய மண்ணிலேயே அமர்ந்து உண்டார்.

இத்தகைய வீடுகளின் அமைப்பையும் கவனித்தல் வேண்டும். கரிய மரச் சட்டங்களும் சுண்ணாம்பு வெண்சுவர்களும் உடைமையால் சிங்கப்பூரில் இவற்றைக் கறுப்பு வெள்ளை வீடுகள் என்பர். தரையினின்று தூண்களின்மீது உயர்த்தப்பட்ட கட்டடம். காற்றோட்டத்துக்கென உயர்ந்த கூரை. வெயிலும் மழையும் புகாதவாறு மூங்கில் தட்டிகள் தொங்கும் அகன்ற தாழ்வாரம். இவை யாவும் சீதோஷ்ணத்துக்கு ஏற்ற நல்ல ஏற்பாடுகளே. அவற்றிற் பல மலாய் மக்களின் வீடுகளிலிருந்தும் வங்காளத்துக் குடிசைகளிலிருந்தும் கற்றவையே. பங்களா என்னும் சொல்லே வங்காளத்தினின்று வந்ததாகும். ஆனால் வீட்டின் பின்புறம் சென்று பாருங்கள். சமையற்கட்டு தனியே நிற்கும். அதனை வீட்டோடு இணைக்க ஒரு கூரையிட்ட நடைபாதை இருக்கும். அதற்கும் அப்பால் வேலைக்காரர் குடியிருந்த சிற்றறைகள் வரிசையாய் இருக்கும். நெருப்பும் புகையும் அஞ்சியே சமையற்கட்டைத் தள்ளி வைத்தனர் என்பது உண்மை. ஆயினும் அடுப்பைத் தள்ளி வைத்தபோது அடுப்படியில் நின்ற மனிதரையும் தள்ளி வைத்தனர் என்பதும் உண்மையே.

ஞாயிறன்று நிகழ்ந்த விருந்துக்குக் ‘கறி டிபன்’ என்று பெயர். சோறும் கோழிக்கறியும் நடுவே இருக்க, பொரித்த நெத்திலி, வறுத்த நிலக்கடலை, தேங்காய்ப் பூ, வாழைப்பழத் துண்டு, அப்பளம், சட்னி, சம்பால் முதலியன சிறு சிறு தட்டுகளில் சுற்றிலும் வரும். ஈற்றில் சவ்வரிசியும் தேங்காய்ப் பாலும் பனஞ்சர்க்கரைப் பாகும் கூடிய ‘குலா மலாக்கா’ வரும். அதனை உண்டபின் துரைமார் மாலை வரை உறங்குவர். இவ்விருந்தின் பெயர்ப் பட்டியலைப் படிக்கும் தமிழன் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். கறி என்பது நம் சொல். முல்லிகாட்டானி என்று ஆங்கிலேயர் பருகிய சாறு நம் மிளகுத் தண்ணீர். காஞ்சி என்று அவர்கள் எழுதியது நம் கஞ்சி. இவை நம்மவரின் வீண் பெருமைப் பேச்சல்ல. யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்னும் அகராதியே இவற்றைத் தமிழ்ச் சொற்கள் என்று கூறுகின்றது. அதற்கும் நெடுங்காலம் முன்பே, 1747-இல், ஹன்னா கிளாஸ் என்னும் மாது லண்டனில் வெளியிட்ட சமையல் நூலில் கறி சமைக்கும் முறை இடம்பெற்றுவிட்டது. நம் சொல் அவர்களுடைய மேஜையில் அமர்ந்து இருநூறு ஆண்டுகள் கழிந்தும், அச்சொல்லைப் பேசியவர் அம்மேஜையில் அமர இயலாதிருந்தனர்!

சமைத்தோர் யாவர்? தோட்டத்துப் பங்களாக்களில் தமிழரும் சமைத்தனர். பட்டணங்களில் பெரும்பாலும் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர் சமைத்தனர். அம்மியில் அரைத்த மசாலையின் பக்குவத்தை ஹைனான் சமையற்காரர் கற்றார். தம் கைம்மணத்தையும் அதனோடு சேர்த்தார். சிங்கப்பூரில் இன்றும் விற்கும் ஹைனான் கறிச் சோறு அவ்வாறு பல கைகள் கலந்து பிறந்த பண்டமே. கறி தமிழனுடையது, சம்பால் மலாயனுடையது, பொரித்த இறைச்சி சீனனுடையது என்று கோடு கிழித்தால் அவ்விருந்தில் எதுவும் மிஞ்சாது. மலாயா மக்கள் ஒன்றுகூடி ஆக்கிய பொதுச்சொத்து அது. அதனை உண்ணும் உரிமை மட்டுமே ஒரு சிறு கூட்டத்தாரிடம் இருந்தது.

அவ்வுரிமை எவ்வளவு இறுக்கமாய்க் காக்கப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1952-இல் கோலாலம்பூர் லேக் கிளப்பில் நடந்த விருந்துக்கு, சிலாங்கூர்ச் சுல்தானையே அழைக்க இயலாது என்னும் நிலை இருந்தது. ஹை கமிஷனராயிருந்த டெம்ப்ளர் தலையிட்டு நெருக்கியபின்னரே அக்கதவு ஆசியருக்குத் திறந்தது. நாட்டின் அரசருக்கே இவ்வாறாயின், நாட்டில் உழைத்தவர் கதியைக் கேட்கவும் வேண்டுமோ?

தோட்டத்தில் அக்கதவு பங்களா வாசலில் மட்டும் இருக்கவில்லை, சாலையிலேயே இருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, வெள்ளைக்காரத் துரைமாரும் ஆசிய உத்தியோகஸ்தரும் எதிர்ப்படுகையில் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பது. அவ்வேலைநிறுத்தம் ராணுவத்தைக் கொண்டு அடக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் துறந்தனர், தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். ‘ஆசிய உத்தியோகஸ்தர்’ என்னும் சொற்களை நான் அழுத்தியே எழுதுகின்றேன். என் போன்ற கிராணிமாரே அவர்கள். பங்களாவின் மேஜையில் கிராணிக்கும் இடமில்லை. ஆயினும் கீழே சைக்கிளிலிருந்து ஒருவன் இறங்குவதில் கிராணிக்கும் ஒரு பங்கு இருந்தது. மேலே தலை வணங்கிக் கீழே நிமிர்ந்து நிற்கும் அவ்வழக்கம் எம் உத்தியோகத்தின் சரித்திரத்தில் உள்ள கறை. இது மட்டுமோ? லயங்களைச் சாதிவாரியாய்ப் பிரித்து வைத்த தோட்டங்களும் இருந்தன. துரை தம் மேஜையில் நமக்கு இடந்தரவில்லை என்று குமுறிய நம்மவருள், தம் பந்தியில் அண்டை லயத்தானுக்கு இடந்தர மறுத்தவரும் உண்டு. பந்தியின் சரித்திரத்தை எழுதுகையில் நம் வீட்டுப் பந்தியை மறைத்துவிட்டு எழுதுதல் நேர்மையாகாது.

காலம் மாறிற்று. மலாயா 1957-இல் சுதந்திரம் பெற்றது. முதல் ரெசிடெண்ட் ஜெனரல் சுவெட்டன்ஹாமுக்கெனக் கோலாலம்பூர்க் குன்றின்மீது எழுந்த கார்கோசா மாளிகை 1989-இல் ஹோட்டலாயிற்று. பணம் கொடுப்போர் யாராயினும் அமரலாம் என்றாயிற்று. இன்று தோட்டத்திற் பிறந்து படித்து உத்தியோகம் பார்க்கும் நம் இளைஞர், பாட்டனார் செருப்பின்றிக் கூட ஏற அஞ்சிய படிகளில் கூசாமல் ஏறிச் செல்கின்றனர். இது மகிழத்தக்கதே. பழைய வீட்டில் அமர்ந்து உண்பது அடிமைப் புத்தி என்று சிலர் கூறுவர். அது சரியன்று. அவ்வீட்டின் ஒவ்வொரு கல்லுக்கும் நம்மவரும் வியர்வையால் விலை கொடுத்திருக்கின்றனர். அங்கே அமர நமக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் ஒன்று உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டு மனைகளாக மாறியபோது, பல இடங்களில் லயங்கள் இடிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாய் அங்கே வாழ்ந்தோர் சட்டி பானைகளோடு வெளியேறினர். மரப்பலகையும் தகரமும் கொண்ட லயத்தைப் பழஞ்சின்னம் என்று காப்போர் அரியர். கல்லும் தேக்கும் கொண்ட பங்களாவோ அழகியது என்று காக்கப்படுகின்றது. அதனை வரைந்த சிற்பி இன்னார், அதில் வாழ்ந்த துரை இன்னார் என்று எழுதி வைப்பதும் உண்டு. சமைத்தவர் பெயரை யாரேனும் எழுதி வைத்திருக்கின்றனரா? இப்படியே விட்டுவிட்டால், இன்னும் ஐம்பது ஆண்டுகளில் இந்நாட்டின் பழங்காலம் தாழ்வாரமும் பிரம்பு நாற்காலியுமாகவே எஞ்சி நிற்கும். அடுப்படியும் பெரட்டுக் களமும் இருந்த சுவடே இராது. வரப்போகும் பிள்ளைகள் அக்காலம் எல்லோருக்கும் இன்பமான காலமென்றே நம்பிவிடுவர்.

ஆதலின் சகோதர சகோதரிகளே, அத்தகைய விடுதிக்குச் செல்லுங்கால் தனியே செல்லாதீர். பங்களாவில் வேலை செய்த பாட்டியோ, மரம் சீவிய தாத்தாவோ இன்னும் உயிரோடிருப்பின், அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். முன்வாசல் வழியே அழைத்துச் சென்று நல்ல நாற்காலியில் அமர்த்துங்கள். உண்டு முடிந்தபின் பின்கட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள்; எந்த அறையில் யார் இருந்தார், என்ன சமைத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்று கேளுங்கள். கேட்டதை ஆண்டும் ஊரும் குறித்து எழுதி வையுங்கள். தோட்டத்துக் கணக்குப் புத்தகங்களில் எத்தனை ராத்தல் பால், எத்தனை நாள் கூலி என்பவை உண்டு. அம்மக்களின் வாய்மொழி அவற்றில் இல்லை. அதனை எழுத வேண்டியவர் நாமே. அவர்கள் மறைந்தபின் எழுத வகையில்லை.