வெலீட்டி: சூளகிரிக்கு வராத ரயில்

ஆங்கில அகராதியில் தூசி படிந்து கிடக்கும் சொற்களில் 'வெலீட்டி' ஒன்று. ஒன்று வேண்டும் என்று நினைப்பது, ஆனால் அதற்காக ஒரு அடி கூட எடுத்து வைக்காமல் இருப்பது. அந்த ஆசைக்குத்தான் இந்தப் பெயர். வேர் லத்தீன்: 'வெல்லெ' என்றால் விரும்புதல். நம்ம ஊர் மனக்கோட்டை என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். ஆனால் மனக்கோட்டை பெரியது, கட்டுகிறவருக்கு அதில் ஒரு சந்தோஷமாவது உண்டு. வெலீட்டியில் அதுவும் கிடையாது!

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ், நடக்க முடியாத ஒன்றின் மீது வைக்கும் அரைகுறை விருப்பத்தைச் சிலர் இப்படி அழைக்கிறார்கள் என்று எழுதினார். 'முடியுமென்றால் விரும்புவேன்' என்கிற மாதிரி. நாலு நூற்றாண்டு கழித்து ஜான் லாக் வந்தார். 1690 என்று தேதியிட்டு வெளிவந்த அவருடைய மனித அறிவு பற்றிய நூலில், ஆசையின் மிகக் கீழ்ப்படிதான் வெலீட்டி என்கிறார். அவர் சொல்லும் காரணம் கவனிக்க வேண்டியது. ஒரு பொருள் இல்லாததால் மனதில் உறுத்தல் ஏதும் இல்லையென்றால், மனிதன் லேசாக ஆசைப்படுவதோடு நின்று விடுவான், அதை அடைய வழி தேட மாட்டான். அதாவது முடியாது என்பதால் அல்ல, வலிக்கவில்லை என்பதால்.

இதற்கு உதாரணம் தேடி லண்டன் போக வேண்டாம். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கிருஷ்ணகிரி பஸ் ஏறினால் போதும். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 50 கிலோமீட்டர். பாதி வழியில் சூளகிரி. அங்கே ரயில் இல்லை, இருந்ததும் இல்லை. கிருஷ்ணகிரியிலும் இல்லை. 2004இல் தனி மாவட்டமாகி, அதன் தலைநகரமான பிறகும் அந்த ஊரில் ரயில் நிலையம் கிடையாது.

ஆனால் ஒரு காலத்தில் கிருஷ்ணகிரியில் ரயில் ஓடியது என்றால் நம்புவீர்களா?

கதை 1876இல் தொடங்குகிறது. 1878 வரை நீடித்த அந்தக் கொடுமையைத் 'தாது வருஷப் பஞ்சம்' என்று கிராமத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கலாம். அப்போது ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் பழைய சேலம் மாவட்டம். பஞ்சம் மிக மோசமாக அடித்த மாவட்டங்களில் அதுவும் ஒன்று. வேறு இடத்தில் தானியம் இருந்தாலும் இங்கே கொண்டுவர வழியில்லை. மாட்டு வண்டியில் கொண்டு வந்தால், இழுத்து வரும் மாட்டுக்கே தீவனம் இல்லை. 1880இல் பஞ்சக் கமிஷன், லாபம் வராவிட்டாலும் பரவாயில்லை, பஞ்சப் பகுதிகளுக்கு ரயில் பாதை போடுங்கள் என்றது.

அப்படித்தான் இங்கே இரண்டு குட்டி ரயில்கள் வந்தன. தண்டவாளத்துக்கு நடுவே இரண்டரை அடி இடைவெளிதான், செலவு குறைவு. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல் ஒன்று. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் இன்னொன்று. இரண்டாவது 1913இல் ஓசூர் வரை நீண்டது. (கமிஷன் சொல்லி கால் நூற்றாண்டு கழித்துத்தான் முதல் வண்டி! வெள்ளைக்காரன் வேகம் என்று புகழ வேண்டாம்.)

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். ஓசூருக்கு ரயில் வந்துவிட்டது, கிருஷ்ணகிரிக்கும் வந்துவிட்டது. நடுவில் சூளகிரி வழியாக இணைத்திருந்தால் ஒரே பாதையாகியிருக்கும். யாரும் இணைக்கவில்லை. பஞ்சத்துக்குத் தேவை இரண்டு முனைகள்தான், நடுத்துண்டு இல்லை.

இருந்ததும் நிலைக்கவில்லை. பஸ்ஸும் லாரியும் வந்து கூட்டத்தைப் பிரித்துக்கொண்டன. இரண்டாம் உலகப் போரில் நாடு முழுக்க நஷ்டத்தில் ஓடிய பல கிளைப் பாதைகளின் தண்டவாளங்கள் கழற்றப்பட்டன. ஓசூர் பாதை 1941இல் மூடப்பட்டது. 1940களில் கிருஷ்ணகிரி மக்களுக்கும் ரயில் பழங்கதை ஆகிவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1960களில் சேலம்–பெங்களூர் மீட்டர் கேஜ் பாதை போட்டபோது ஓசூருக்கு மறுபடி யோகம் அடித்தது. அந்தப் பாதை தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாகப் போனது. கிருஷ்ணகிரியும் சூளகிரியும் மறுபடி விடுபட்டன. 1990களில் அகல ரயில் பாதையானதும் அதே தடத்தில்தான்.

அதிலிருந்து நடப்பதுதான் சுத்தமான வெலீட்டி. ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்கு, சுமார் 100 கிலோமீட்டர் புதுப்பாதை வேண்டும். இதை வேண்டாம் என்று சொன்ன கட்சி உண்டா? தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி. சர்வே எடுத்தார்கள், மறுபடியும் எடுத்தார்கள். சர்வேயில் ஒரு வசதி: செலவு சொற்பம், ஆசை நிறைவேறுகிற மாதிரி ஒரு தோற்றமும் கிடைக்கும். புதுப்பாதை என்றால் போட்ட பணத்துக்கு 14 சதவீதம் வரவு வரவேண்டும் என்று ரயில்வே பல வருடம் ஒரு அளவுகோல் வைத்திருந்தது. சின்ன ஊர்ப் பாதைகளில் பெரும்பாலானவை அதைத் தாண்டாது. பஞ்சக் கமிஷன் இதே கணக்கைப் பார்த்திருந்தால் 1905 வண்டியும் வந்திருக்காது.

பணம் மட்டும் காரணமா? லாக் சொன்ன உறுத்தல் எங்கே என்று பார்க்க வேண்டும். சென்னை–பெங்களூர் ரயில்களுக்கு ஜோலார்பேட்டை, குப்பம், பங்காருபேட்டை வழியாக ஏற்கெனவே பாதை இருக்கிறது, அதனால் ரயில்வேக்கு இந்தப் பாதை இல்லாமல் எதுவும் நின்றுவிடவில்லை. ஓசூரில் 1970களில் சிப்காட் வந்தது, அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் வளர்ந்தன. எல்லோருக்கும் சாலையே போதுமாக இருந்தது. கிருஷ்ணகிரியோ பெங்களூர், சென்னை, சேலம் சாலைகள் சந்திக்கும் இடம். நாற்கரச் சாலை வந்த பிறகு கேட்கவே வேண்டாம். சூளகிரி கொத்தமல்லி லாரியில் ஏறினால் காலைச் சந்தைக்குப் போய்விடும்.

உறுத்தல் யாருக்கு? ரயில் டிக்கெட் விலையில் போக முடியாமல் பஸ்ஸுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொழிலாளிக்கு. சென்னை ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் படுக்க வைத்துக் கூட்டிப்போக வேண்டிய குடும்பத்துக்கு. அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பலர் மேல் பரவிக் கிடக்கும் வலி. 1876 மாதிரி ஒரே வருடத்தில் பிணமாக வந்து குவியாது, அதனால் கணக்கில் தெரியாது.

இன்றும் சூளகிரிக்காரருக்கு ரயில் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் பஸ் பிடித்து ஓசூருக்குப் போக வேண்டும்.