கார் வைத்திருப்பவர் நடந்து வருவாரா?

1968 டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில், உயிருக்கு அஞ்சி ராமய்யாவின் குடிசைக்குள் ஒளிந்த நம் மக்கள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கூலியில் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மறுத்தார்கள். அவ்வளவுதான்.

இது நமக்குத் தெரிந்த கதை. நாம் இங்கே பேச வந்தது தீர்ப்பைப் பற்றி. கீழ்நீதிமன்றம் மிராசுதார்கள் 8 பேருக்கு 10 ஆண்டு சிறை விதித்தது. சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று: இவர்கள் பெரிய நிலக்காரர்கள், கோபாலகிருஷ்ண நாயுடுவிடம் கார்கூட இருக்கிறது; இப்படிப்பட்டவர்கள் ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம்.

அதாவது, பணக்காரரின் இயல்பு என்னவென்று நீதிபதிகளுக்குத் தெரிந்திருந்தது. அந்த வயல்களில் தலைமுறை தலைமுறையாகக் குனிந்து நாற்று நட்டவர்களுக்குத் தெரியாதா? சவுக்கடியும் சாணிப்பாலும் பார்த்த சனம் அது. தீ வைத்தவர்களை நேரில் பார்த்தோம் என்று கூண்டேறிச் சொன்னது. எடுபடவில்லை.

அதே நாளில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் நம் விவசாயக் கூலிகள் தண்டிக்கப்பட்டார்கள். அங்கே மட்டும், இவர்கள் இப்படிச் செய்யக்கூடியவர்களா என்ற சந்தேகம் யாருக்கும் வரவில்லை.