கசிவைக் கேட்கும் காது: லிவர்பூலிலிருந்து காரைக்கால் வரை

2022 ஜூலை 3. காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது புதுச்சேரி அரசு. வயிற்றுப்போக்கு பரவிக்கொண்டிருந்தது, சிலருக்குக் காலரா என்று உறுதியாகியிருந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார்கள். எல்லார் சந்தேகமும் போய் நின்றது பூமிக்குள் ஓடும் குடிநீர்க் குழாயில்தான்.

குழாயில் ஓட்டை என்றாலே தண்ணீர் வீணாகிறது என்றுதான் நினைக்கிறோம். அதே ஓட்டை வழியாக வெளியே உள்ளது உள்ளேயும் வரும். கிளிஞ்சல்மேடு மாதிரி கடலோர ஊர்களில் இன்னொரு சிக்கல், மணல் பூமி. களிமண் தரையில் கசிவு மேலே வந்து தேங்கி நின்று காட்டிக்கொடுத்துவிடும். மணலில் அப்படியே கீழே இறங்கிவிடும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம், காதால்தான் கேட்கணும்.

இந்தக் 'கேட்கிற' வேலைக்கு ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதைப் படிக்கும்போது நமக்கு ஒரு பாடம் கிடைக்கிறது.

முதல் கருவி ஒரு கம்பி. ராத்திரி ஊர் அடங்கின பிறகு, இரும்புக் கம்பியையோ மரத்தடியையோ வால்வில் ஊன்றி, மறுமுனையில் காதை வைப்பார்கள். அழுத்தத்தோடு பீறிடும் தண்ணீரின் இரைச்சல் குழாய்ச் சுவர் வழியாக வந்து கேட்கும்.

ஆனால் ஊர் முழுக்க எத்தனை வால்வில் காது வைப்பது? 1873 வாக்கில் இதற்கு வழி கண்டவர் லிவர்பூல் நகரப் பொறியாளர் ஜார்ஜ் டீக்கன். நகரத்தைச் சின்னச் சின்ன வட்டாரமாகப் பிரித்தார். ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு மீட்டர் வைத்தார். உள்ளே போகும் தண்ணீரின் அளவை அது ராத்திரி முழுக்கக் காகிதத்தில் கோடாக வரையும். எல்லாரும் தூங்கும் நேரத்தில் கோடு கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கணும். இறங்கவில்லை என்றால் அது கசிவு. பிறகு ஆட்கள் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போவார்கள். எந்த வால்வை மூடும்போது கோடு சரிந்ததோ, அதற்கு அப்பால் ஓட்டை.

அப்போதைய லிவர்பூலுக்கும் நம்ம ஊருக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. தண்ணீர்ப் பஞ்சத்தால் அங்கேயும் ஒரு நாளில் சில மணி நேரம்தான் குழாயில் தண்ணீர் விட்டார்கள். கசிவைப் பிடித்து மிச்சப்படுத்திய தண்ணீரைக் கொண்டுதான் மறுபடி முழுநேர விநியோகத்துக்குத் திரும்பினார்கள்.

அடுத்த படி, இரண்டு காதுகள். ஒரு குழாயில் 200 மீட்டர் இடைவெளியில் இரண்டு உணரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக் குழாயில் அந்தச் சத்தம் விநாடிக்குச் சுமார் 1200 மீட்டர் போகும். ஒன்றில் 0.05 விநாடி முந்திக் கேட்டால், தூர வித்தியாசம் 60 மீட்டர். ஆக, முந்திக் கேட்ட உணரியிலிருந்து 70 மீட்டரில் கசிவு. இரண்டு கடிகாரமும் விநாடியில் நூற்றில் ஒரு பங்கு பிசகினாலே 6 மீட்டர் தள்ளித் தோண்டுவோம். பிளாஸ்டிக் குழாய் என்றால் சத்தம் மெதுவாகப் போகும், சீக்கிரமே அடங்கியும்விடும்.

கம்பியில்லா உணரி வலைப்பின்னல் வந்தது இந்த இடத்தில்தான். ஆள் போய்க் காது வைக்க வேண்டாம், உணரி அங்கேயே தங்கிக் கேட்டுக்கொண்டிருக்கும். 2004 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் குழாய்களில் 'பைப்நெட்' என்ற சோதனை தொடங்கியது. பேட்டரியில் ஓடும் சின்னக் கணினிகள் அழுத்தத்தை அளந்து, கம்பியில்லாமல் அனுப்பின. சில வருஷம் கழித்து, எம்.ஐ.டி. ஆய்வாளர்களும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் நீர் வாரியமும் சேர்ந்து 'வாட்டர்வைஸ்' திட்டத்தை ஆரம்பித்தார்கள். குழாய் திடீரென்று உடைந்தால் அழுத்தம் ஓர் அலையாகக் கிளம்பும். அந்த அலை எந்த உணரியை எப்போது தொட்டது என்பதை ஜி.பி.எஸ். நேரத்தோடு ஒப்பிட்டு உடைந்த இடத்தைக் கணித்தார்கள். அதிலிருந்து 'விசென்டி' என்ற நிறுவனம் பிறந்தது. 2016-ல் அதை அமெரிக்காவின் சைலம் நிறுவனம் வாங்கியது.

அப்போ நாமும் நாலு உணரி வாங்கி மாட்டிவிடலாமே? இங்கேதான் பாடம். சிங்கப்பூரில் குழாய் 24 மணி நேரமும் நிறைந்து அழுத்தத்தோடு இருக்கிறது. உணரிகள் வருவதற்கு ரொம்ப முன்னாடியே பழைய இரும்புக் குழாய்களை மாற்றி, எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்துவிட்டார்கள். அதனால் ஏதாவது மாறினால் உடனே தெரியும். நம்ம ஊரில் தண்ணீர் வருவதற்கு முன்னாடி குழாய் 'புஸ்'னு காற்று விடும். தினமும் காலியாகி, தினமும் நிரம்புகிற குழாயில் உணரிக்கு எல்லா நேரமும் இரைச்சல்தான். உடைப்பு எது, வழக்கமான தண்ணீர் வரவு எது என்று பிரிப்பது பெரும்பாடு.

காற்று வருகிறது என்றால் குழாய் காலியாக இருந்தது என்று அர்த்தம். வடிகிற நேரத்தில் குழாய்க்குள் உறிஞ்சுவிசை உண்டாகும், ஓட்டைக்குப் பக்கத்தில் சாக்கடை இருந்தால் அது உள்ளே இழுபடும். வீட்டு மோட்டாரை நேரே குழாயில் மாட்டி இழுத்தால் இன்னும் மோசம். கர்நாடகத்தின் ஹுப்ளி–தார்வாடில், ஒரே நகரத்தில் சில பகுதிகளுக்கு முழுநேரமும் மற்ற பகுதிகளுக்கு விட்டுவிட்டும் தண்ணீர் கொடுத்தபோது, ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வில், விட்டுவிட்டு வரும் தண்ணீரில்தான் மலக்கிருமித் தடயம் அதிகம்.

ஆகவே நம்ம கடலோர ஊர்களுக்கு என் வரிசை இது. முதலில் டீக்கன் செய்ததுபோல வட்டாரம் பிரித்து மீட்டர் வைப்பது. அடுத்து, ஒரு வட்டாரத்திலாவது குழாயை எப்போதும் அழுத்தத்தில் வைத்திருப்பது. உடைப்பைத் தேடும் உணரிகள் அதற்குப் பிறகு வரட்டும்.

இன்றைக்கே உணரி வைக்கணும் என்றால், கடைக்கோடித் தெருவில் அழுத்தத்தையும் குளோரினையும் அளக்கும் ஒன்றை வைக்கலாம். ஓட்டை எங்கே என்று அது சொல்லாது. 'குழாய் இப்போ வெளியே உள்ளதை உறிஞ்சுது, இந்தத் தண்ணியைக் குடிக்காதீங்க' என்று சொல்லும். 2022 ஜூலையில் அந்தத் தகவல் கொஞ்சம் முன்கூட்டியே கிடைத்திருந்தால், மக்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னாடியே அடுப்பில் தண்ணீரை வைத்திருப்பார்கள்.