படுகையின் எதிரொலியைச் சுமந்த நாடா

காரைக்காலின் வடகோடியில், தரங்கம்பாடிக்குச் சற்றுத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கிறது மண்டபத்தூர். கண்ணுக்குத் தெரிபவை மணலும் மீனவர் வீடுகளும் வயலும்தான். ஆழத்தில் காவிரிப் படுகையின் பாறையடுக்கு, காரைக்கால் முகடாக எழும்பி, வடக்கே தரங்கம்பாடிப் பள்ளமாகவும் தெற்கே நாகப்பட்டினம் பள்ளமாகவும் இறங்குகிறது. இந்த மேடுபள்ளங்களை யாரும் நேரில் பார்த்ததில்லை. துளை போட்டு வெடி வைத்து, அதிர்வு ஆழத்தில் பட்டுத் திரும்புவதைத் தரையில் வரிசையாகப் பதித்த கருவிகளால் வாங்கி, அந்தப் பதிவைப் படித்து அறிந்தவை அவை. 1954 நவம்பர் 1இல் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியிடமிருந்து இந்தியாவின் கைக்கு மாறியது. 1956இல் எண்ணெய் இயற்கை எரிவாயு ஆணையம் அமைந்தது. படுகையின் முதல் ஆழ்துளைக் கிணறு 1964இல் காரைக்காலில் தோண்டப்பட்டது. 1980களில் நரிமணம், கோவில்களப்பால் பக்கம் எண்ணெய் கிடைத்தது. இந்த வரலாற்றைக் கிணறுகளை வைத்தே சொல்வது வழக்கம். ஆனால் கிணறு எங்கே தோண்டுவது என்று சொன்னது அந்த எதிரொலிகளைப் பதிந்துவைத்த காந்த நாடா. நிலத்தடியின் பொது ஆவணம் என்ற மதிப்பை அந்த நாடாவுக்கு நாம் இன்னும் தரவில்லை.

நில அதிர்வுப் பதிவு முதலில் காகிதத்தில் நெளிகோடுகளாக விழுந்தது. காகிதத்தில் விழுந்ததை மறுபடி இயக்கிப் பார்க்க முடியாது. 1950களில் காந்த நாடா வந்ததும் ஒரே பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டி, இரைச்சலை வடிகட்டி, பல வெடிகளின் எதிரொலியை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிப் பார்க்க வழி பிறந்தது. 1960களில் அந்தப் பதிவு எண்களாக மாறியது. அளவு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வெடிக்கு 6 விநாடி, 2 மில்லி விநாடிக்கு ஒரு மாதிரி, கருவிகளிலிருந்து 96 தடங்கள், மாதிரிக்கு 4 பைட் என்று கொண்டால் ஒரு வெடிக்கு 11 லட்சம் பைட்டுக்கு மேல் ஆகிறது. அங்குலத்துக்கு 1600 பைட் எழுதும் 2400 அடிச் சுருளில் சுமார் 40 மெகாபைட் கொள்ளும். அதாவது முப்பத்தைந்து வெடிகளுக்கு ஒரு சுருள். ஒரு பருவத்து ஆய்வுக்கே அறை நிறையச் சுருள்கள் சேர்ந்துவிடும். உலகில் நாடாவை இவ்வளவு தின்ற தொழில்கள் குறைவு. நில அதிர்வுத் தரவை எழுத 1975இல் வகுத்த செக்-ஒய் வடிவம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் தலைப்பில் வரிக்கு 80 எழுத்தாக 40 வரி இருப்பது துளை அட்டைக் காலத்தின் எச்சம்.

பிறகு வந்த வளர்ச்சி அசாதாரணமானது. 1984இல் வந்த ஐபிஎம் 3480 கார்ட்ரிட்ஜ் 200 மெகாபைட் கொண்டது. 2000இல் வந்த முதல் எல்டிஓ நாடா 100 ஜிகாபைட். 2021இன் எல்டிஓ-9 நாடா 18 டெராபைட். கையில் அடங்கும் அந்த ஒன்றில் மேலே சொன்ன சுருள்கள் நாலரை லட்சம் அடங்கும். இரும்பு ஆக்சைடு போய் பேரியம் ஃபெரைட் துகள் வந்தது, எழுதும் தலைகள் நுண்ணியவையாயின, தடங்கள் நெருங்கின. ஆனால் கொள்ளளவு கூடியதாலேயே பழையது பிழைத்துவிடவில்லை. துகளை நாடாவில் ஒட்டிவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். கடலோரக் காற்றில் அது இன்னும் கேடு. நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் எந்திரம் இருக்க வேண்டும். ஓலைச்சுவடியை எழுத்துத் தெரிந்தவர் வெறுங்கண்ணால் படிக்கலாம். நாடாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எல்டிஓ-7 வரை இரண்டு தலைமுறைக்கு முந்திய நாடாவையும் படித்த எந்திரங்கள், எல்டிஓ-8இலும் எல்டிஓ-9இலும் ஒரு தலைமுறையோடு நின்றுவிட்டன. ஆகவே நாடாவைக் காப்பது என்றால் உரிய காலத்தில் புது நாடாவுக்குப் பெயர்த்தெழுதுவதுதான். அப்போலோ 11இன் மூலத் தரவு நாடாக்களே அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009இல் நாசா சொல்ல நேர்ந்தது.

வன்வட்டு இருக்கும்போது நாடா எதற்கு என்று கேட்கலாம். அலமாரியில் இருக்கும் நாடா மின்சாரம் கேட்காது. எப்போதோ ஒருமுறை எடுக்கும் பெருந்தரவுக்கு அதைவிட மலிவானது இல்லை. துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் தன் தரவை இன்றும் நாடாவில் வைப்பது அதனால்தான். இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: செயலாக்கி முடித்த படமே போதும், மூலப் பதிவு எதற்கு என்பது. எண்ணெய்க்காகச் செயலாக்கும்போது ஒவ்வொரு தடத்திலும் முதலில் வந்துசேரும் அலையை வெட்டி எறிவார்கள். ஆழம் தேடுபவருக்கு அது இடைஞ்சல். ஆனால் மேல்மண் அடுக்குகளின் தடிப்பும் அவற்றில் அலை செல்லும் வேகமும் அந்த முதல் அலையில்தான் இருக்கின்றன. கிணற்றுக்குள் எடுத்த மின்தடை அளவோடு அதைச் சேர்த்துப் படித்தால், கடலின் உப்புநீர் எந்த அடுக்கு வழியாக நிலத்தடி நீருக்குள் வரக்கூடும் என்ற விசாரணைக்குப் பிடி கிடைக்கும். மூலத்தை விட்டால் அந்தப் பிடியும் போய்விடும்.

இன்னொரு ஆட்சேபம் காவிரி டெல்டாவின் உழவரிடமிருந்து வரும்: இந்தத் தரவு துளை போடுபவனுக்குத்தானே உதவும்? அந்த அச்சம் நியாயமானது. 2020இல் தமிழ்நாடு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் செய்தது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியான காரைக்கால் அதற்கு வெளியே நிற்கிறது. ஆனால் என் கருத்தில், புதிய வெடிகளை எதிர்ப்பவரே பழைய நாடாவை முதலில் கேட்க வேண்டியவர். ஏற்கெனவே வாங்கிய எதிரொலி கையில் இருந்தால், மறுபடி வயலைத் துளைக்க வேண்டும் என்ற வாதம் வலுவிழக்கும். மத்திய அரசு 2017இல் தேசியத் தரவுக் களஞ்சியத்தைத் தொடங்கியது நல்ல அடி. எண்ணெய் நிறுவனங்களை மனத்தில் வைத்து அமைந்த அந்தக் கதவு, நிலத்தடி நீரை ஆராய்பவருக்கும் ஊராட்சிக்கும் அதே அளவு திறக்க வேண்டும்.

பெயர்த்தெழுதும்போது நாடாவை மட்டும் எடுத்துக்கொண்டால் போதாது. வெடி வைத்த இடம், நேரம், கருவிகளின் இடைவெளி எல்லாம் களத்தில் இருந்தவர் எழுதிய குறிப்பேட்டில், காகிதத்தில் இருந்தன. நாடாவின் தலைப்பில் ஆயத்தொலைவுக்கான கட்டங்கள் பல நேரம் காலி. பழைய இந்திய அளவீடு எவரெஸ்ட் கோளவடிவை அடியாகக் கொண்டது, இன்றைய ஜிபிஎஸ் வேறொன்றை. எது என்று குறிப்பேட்டைப் பார்த்து மாற்றாவிட்டால் ஆய்வுக் கோடு நூறு மீட்டருக்கு மேல் விலகிவிடும். மண்டபத்தூரில் அந்த விலகல், கரையில் வைத்த வெடியைக் கடலுக்குள் கொண்டுபோய் வைத்துவிடலாம்.