அராய்ஸ், விக்டோர்ஸ் (1910–1988)

லாட்வியக் காவல்துறை அதிகாரி. இரண்டாம் உலகப்போரின்போது நாஜி ஜெர்மானியரின் கையாளாக ‘அராய்ஸ் கொமாண்டோ’ என்ற கொலைப்படையை நடத்தியவர்.

1910 சனவரி 13இல் பால்டொனே என்ற சிற்றூரில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். யெல்காவா நகரில் பள்ளிப்படிப்பு. அதன்பின் கட்டாயப் படைப்பணி. 1932இல் ரீகாவிலுள்ள லாட்வியப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலச் சேர்ந்தார். கையில் காசில்லாததால் படிப்பு விட்டுவிட்டு நடந்தது. இடையே காவல்துறையில் பணியாற்றினார். 1940இல் சோவியத் ஒன்றியம் லாட்வியாவை விழுங்கியது. பின்னாளில் பொதுவுடைமையின் பரம எதிரியாகத் தம்மைக் காட்டிக்கொண்ட இவர், சட்டப் பட்டம் பெற்றது 1941இல், அந்தச் சோவியத் ஆட்சியில்தான்.

1941 சூலை 1இல் ஜெர்மன் படை ரீகாவுக்குள் நுழைந்தது. அன்றே அராய்ஸ் தம் ஆட்களுடன் காவல் தலைமையகத்தில் இடம்பிடித்து, ஐன்சாட்ஸ்குரூப்பே ‘ஏ’ என்னும் கொலைப்பிரிவின் தலைவர் வால்ட்டர் ஸ்டாலெக்கரைச் சந்தித்தார். யூதர்களை அழிக்கும் வேலையை உள்ளூர் மக்களே தாமாகத் தொடங்கியதுபோலத் தோன்றவேண்டும் என்பது பெர்லினின் ஆணை. லாட்வியாவில் அத்தகைய கலவரங்களைக் கிளப்புவது கடினமாக இருந்ததென ஸ்டாலெக்கரே தம் அறிக்கையில் எழுதியுள்ளார். எனவே கொலைகள் மக்களின் தன்னெழுச்சியால் நேர்ந்தவை அல்ல. திட்டம் ஜெர்மானியருடையது, அதற்குக் கைகொடுக்க முந்திக்கொண்டு வந்தவர் அராய்ஸ்.

சூலை 4இல் ‘தேவியா’ நாளிதழில் ஆள்சேர்ப்பு அறிவிப்பு வெளியானது. மாணவர், முன்னாள் படைவீரர், காவலர், விளையாட்டு வீரர் எனப் பலர் தாமாகவே முன்வந்து சேர்ந்தனர். வால்டெமாரா தெரு 19ஆம் எண்ணில் யூத வங்கியாளர் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமான மாளிகை படையின் தலைமையிடமாயிற்று. ஏடுகளில் துணைப் பாதுகாப்புக் காவல்படை எனக் குறிக்கப்பட்டாலும், இது லாட்வியக் காவல்துறைக்குக் கட்டுப்பட்டதன்று, எஸ்.டி. எனப்பட்ட ஜெர்மன் பாதுகாப்புச் சேவையின் நேரடிக் கட்டளையில் இயங்கியது. ஜெர்மானியர் பின்னர் லாட்வியரைக் கொண்டு உருவாக்கிய லாட்விய லீஜியன் என்ற போர்ப்படையோடு இதைக் குழப்பிக்கொள்வது பொதுவான பிழை. கொமாண்டோவின் எச்சங்கள் போரின் இறுதியில் லீஜியனில் கரைந்தன என்பது வேறு செய்தி.

கோகோல் தெருவிலிருந்த பெரிய யூதத் தொழுகைக்கூடம் சூலை 4இல் எரிக்கப்பட்டது. அதே மாதம் பிகெர்னியெகி காட்டில் சுட்டுக்கொலைகள் தொடங்கின. ரீகா நகராட்சியின் நீலநிறப் பேருந்துகளில் ஊர் ஊராகச் சென்ற இப்படை, சிற்றூர்களின் யூதர்களைக் குழியருகே நிறுத்திச் சுட்டது. நவம்பர் 30, டிசம்பர் 8 ஆகிய நாள்களில் ரும்புலாக் காட்டில் சுமார் 25,000 பேர் கொல்லப்பட்டனர். அங்கே சுட்டவர்கள் எஸ்.எஸ். தளபதி பிரெடரிக் யெக்கெல்னின் கீழிருந்த ஜெர்மானியர். ரீகாவில் யூதர்கள் அடைக்கப்பட்டிருந்த கெட்டோவிலிருந்து மக்களை விரட்டி வந்தும் காவல் நின்றும் உதவியவர்களில் அராய்சின் ஆட்களும் அடங்குவர். கொமாண்டோ நேரடியாகக் கொன்றவர்கள் மட்டும் ஏறத்தாழ 26,000 பேர் என்பது வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ எசெர்காய்லிசின் கணிப்பு. 1942 முதல் இப்படை பெலாருசில் கொரில்லா எதிர்ப்பு நடவடிக்கைகளிலும் ஏவப்பட்டது. அராய்ஸ் மேஜர் பதவி பெற்றார்; 1943இல் வாள்களுடன் கூடிய போர்ச்சேவைச் சிலுவை இவருக்கு அளிக்கப்பட்டது.

போருக்குப்பின் 1949 வரை பிரித்தானியரின் காவலில் இருந்து வெளிவந்தார். மனைவியின் குடும்பப்பெயரை ஏற்று விக்டர் செய்போட்ஸ் என்ற பெயரில் பிராங்க்பர்ட்டில் வாழ்ந்தார். 1975இல் கைதானார். 1979 டிசம்பர் 21இல் ஹாம்பர்க் நீதிமன்றம், ரும்புலாவில் டிசம்பர் 8 அன்று நடந்த படுகொலையில் பங்கேற்றமைக்காக ஆயுள் தண்டனை விதித்தது. 1988 சனவரி 13இல் கஸ்ஸல் சிறையில் இறந்தார்.