பலியாடா, போக்காடா?

பெருங்குடித் தேநீர்க் கடையில் புரட்டிய நாளிதழில், மேலிடத்தின் தவற்றுக்குத் தண்டனை பெற்ற அதிகாரியைப் ‘பலிகடா’ என்றிருந்தார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பலி வடசொல், அங்கே அரசனுக்குச் செலுத்தும் வரிக்கும் அதுவே பெயர். தமிழில் பழைய பலியில் இரத்தமே இருக்கவேண்டியதில்லை: குறுந்தொகை 210இல் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காக்கைக்கு வைக்கும் நெய்ச்சோறும் பலிதான். கொல்லுதல் என்னும் பொருளே இன்று முந்தி நிற்கிறது. விபத்தில் இறந்தவரும் ‘பலி’ ஆகிறார். விவிலியமோ ஆடுகளைப் பிரித்தே பேசுகிறது. யாத்திராகமம் 12இல் பஸ்கா ஆடு பழுதற்றது, ஒரு வயதுக் கடா. அதன் இரத்தம் நிலைக்கால்களில் பூசப்பட்டு வீட்டாரைக் காக்கிறது. லேவியராகமம் 16இல் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள்: ஒன்று பலியாகிறது, மற்றதன் தலையில் கைவைத்து மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு, உயிரோடு வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுகிறார்கள். இதற்குத் தமிழ் வேதாகமம் தந்த பெயர் ‘போக்காடு’. எவ்வளவு அழகான சொல்! யோவான் 1:29 இயேசுவை ஆட்டுக்குட்டி என்னும்போது காக்கும் இரத்தம், சுமக்கும் பாவம் இரண்டும் ஒன்றாகின்றன. சாந்தோம் பேராலயத் திருப்பலியில் ‘இறைவனின் செம்மறி’ என்று கேட்கும்போதெல்லாம் அந்த இரட்டைப் பொருள் என்னை நெகிழ்த்துகிறது. பிறர் பழியைச் சுமந்து துரத்தப்பட்ட அந்த அதிகாரி போக்காடுதான். நாளிதழ்கள் இச்சொல்லைத் துணிந்து எடுத்தாளலாம்.