ஸ்குறூட்றைவரும் லப்டொப்பும்: ஒரு சின்னக் காரின் வரலாறு

பிரித்தானியாவில் வீட்டுக் கராஜுக்குள் தாங்களே கார் கட்டுகிற ஆக்கள் இருக்கிறார்கள். பெட்டி பெட்டியாக வரும் பாகங்களைப் பூட்டிச் செய்வதால் அதற்குப் பெயர் கிற் கார். அதற்குள் மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைப்பவர்கள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: காபரேற்றரா, ஃபியுவல் இன்ஜெக்‌ஷனா? பார்க்க மெக்கானிக் கதை மாதிரித்தான். ஆனால் ஒரு இயந்திரத்தைத் திறந்து திருத்த ஆரால் முடியும் என்ற கேள்வியும் இதற்குள் கிடக்கிறது எண்டு நாங்கள் நினைக்கிறோம்.

இந்த வகைக் கார்களின் முன்னோடி 1957இல் வந்த லோட்டஸ் செவன். முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி கட்டவேண்டும்; பாகங்களாக வாங்கி நீங்களே பூட்டினால் அந்த வரி இல்லை. 1973இல் வற் வரி வந்து அந்தச் சலுகை போனது. அதே ஆண்டு செவனைத் தயாரிக்கும் உரிமை கேற்றரம் நிறுவனத்திடம் போனது. சலுகை போனாலும் கார் கட்டும் பழக்கம் போகவில்லை.

பிறகு ஜப்பானிய பைக் எஞ்சின்கள் வந்தன. 1992இன் ஹொண்டா ஃபயர்பிளேட், 1998இன் யமஹா ஆர்1 இரண்டும் பாரம் குறைந்தவை, கியர்பொக்சும் எஞ்சினோடயே இருக்கும். ஆர்1 சுமார் 150 குதிரைவலு தரும். இரண்டிலும் நாலு சிலிண்டருக்கு நாலு காபரேற்றர்.

காபரேற்றரின் வேலை எளிது. ஒடுங்கிய குழாயால் காற்று வேகமாகப் போகும்போது அழுத்தம் குறையும்; அந்த இழுவையில் ஜெற் எனும் சிறு துளையால் பெற்றோல் வரும். ஜெற்றை மாற்றினால் கலவை மாறும். ஆனால் பைக் வளைவில் சாயும், கார் சாயாது. அதனால் காரில் காபரேற்றர் கிண்ணத்துப் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கப் பார்க்கும்.

இன்ஜெக்‌ஷனில் எவ்வளவு பெற்றோல் தெளிக்கவேண்டும் எண்டு சென்சர்களைப் பார்த்துக் கொம்பியூட்டர் முடிவெடுக்கும். புகைச் சட்டங்கள் இறுக, கம்பனிகள் இதற்கு மாறின. ஏனெண்டால் நச்சுப்புகையைக் குறைக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டர் ஒழுங்காக வேலை செய்யக் கலவை துல்லியமாக இருக்கவேண்டும். 1999இல் ஹயபுசா இன்ஜெக்‌ஷனோடயே வந்தது; 2000இல் ஃபயர்பிளேட், 2002இல் ஆர்1 என ஒவ்வொன்றாக மாறின. கராஜில் எடுத்த முடிவு அப்படியே தொழிற்சாலைக்குப் போய்விட்டது. புது எஞ்சின் வேணுமெண்டால் உயர் அழுத்தப் பம்ப், முழு வயரிங், கொம்பியூட்டர் எல்லாம் சேர்த்து வாங்கவேண்டும். பைக் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சரைக்கூடக் காரில் நேராக நிமிர்த்திப் பூட்டவேண்டும். இல்லையெண்டால் பைக் விழுந்துபோச்செண்டு நினைத்துக் கொம்பியூட்டர் எஞ்சினை ஓடவிடாது.

திறக்கக்கூடிய எஞ்சினின் பெறுமதியை யாழ்ப்பாணத்துக்கு ஆரும் சொல்லத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்குள், சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடின பைக்குகளை எங்கட பெற்றோரின் தலைமுறை கண்டிருக்கிறது. புகை தள்ளும், எஞ்சினுக்கும் கூடாது, ஆனால் ஓடியது. காபரேற்றர் என்ன எண்ணெய் எண்டு கேட்பதில்லை, கிடைத்ததை இழுக்கும். சூடான எஞ்சின் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

அதற்காக இன்ஜெக்‌ஷனை எதிரியாக்குவது அவசர முடிவு. 2001இல் அமெரிக்காவில் புரூஸ் போலிங், அல் கிரிப்போ என்ற இருவர் மெகாஸ்குவேர்ட் என்ற எஞ்சின் கொம்பியூட்டரை வெளியிட்டார்கள். பாகங்களை வாங்கி நீங்களே சொல்டர் பண்ணலாம். பெற்றோல் அளவு அட்டவணையை லப்டொப்பில் மாற்றலாம். முன்பு ஜெற் மாற்றின கை, இப்ப அட்டவணையில் எண் மாற்றுகிறது.

ஆகவே, முதல் கார் கட்டுபவருக்கு வயரிங் குறைந்த காபரேற்றர் எஞ்சின் நல்லது. துல்லியமும் எரிபொருள் மிச்சமும் வேணுமெண்டால் இன்ஜெக்‌ஷன், அதோடு அதன் கொம்பியூட்டரைப் படிக்கும் பொறுமையும் வேணும். எங்கட தெருக்களிலும் இன்ஜெக்‌ஷன் பைக்குகள் கூடிவிட்டன. பெரியாக்கள் காபரேற்றரைக் கழற்றிப் பழகினதுபோல, இந்தக் கொம்பியூட்டரைத் திறந்து பழகுவது எங்கட தலைமுறையின் வேலை.